கால் ஓய்ந்தால் குருதி உறையும்

ஒரு கமக்காரரின் சொத்து எது என்று கேட்டால் காணி, கிணறு, மாடு, விதைநெல் என்று வரிசையாகச் சொல்வோம். அவருடைய இரு கால்களையும் எவரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து வரம்பு வழியே நடந்ததும், பாத்தி கட்டி நீர் மாறியதும், சந்தைக்கு மூட்டை சுமந்ததும் அந்தக் கால்களே. இடம்பெயர்வு எம்மிடமிருந்து காணியைப் பறித்தது. அதனோடு கால்களின் வேலையையும் பறித்துவிட்டது என்பதை நாம் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரில் நாள் முழுவதும் நடந்த மனிதர், வந்த இடத்தில் ஒரு கதிரையிலோ திண்ணையிலோ மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். ஊரில் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்த தாய், இங்கே தண்ணீருக்கும் நிவாரணத்துக்கும் அசையாமல் வரிசையில் நிற்கிறாள்.

குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும் இடமெல்லாம் கால் பற்றிய முறைப்பாடுகள் எமது காதில் விழுகின்றன. “சுவாமி, பின்னேரமானால் கால் பாரமாய்க் கிடக்கு” என்பார் ஒருவர். “நரம்பெல்லாம் சுருண்டு புடைச்சுப்போச்சு” என்பார் இன்னொருவர். “இந்தப் புண் எத்தனை வருசமாய் மாறுதே இல்லை” என்று துணியை விலக்கிக் காட்டுவார் வேறொருவர். இவை தனித்தனி நோய்கள் போலத் தோன்றினாலும் ஒரே இடத்தோடு தொடர்புடையவை: காலிலிருந்து இதயத்துக்குக் குருதியைத் திரும்பக் கொண்டுசெல்லும் நாளங்கள். எம்மவர் காலில் ‘நரம்பு’ என்று சுட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்த நாளங்களையே.

இவற்றுள் புடைத்த நாளம் தொல்லை தரும். ஆறாத புண் உழைப்பைக் கெடுக்கும். காலின் ஆழத்தில் உறையும் குருதிக்கட்டியோ உயிரைப் பறிக்கக்கூடியது. மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மூன்றாவதற்கு நாட்கணக்காகப் பொறுத்திருந்து வைத்தியம் செய்ய முடியாது. ஆகவே இக்கட்டுரையை இறுதிவரை வாசிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் அதை எண்ணெய் போட்டு உருவாதீர்கள், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பதுங்கு குழிகள் கற்பித்த பாடம்

இடம்பெயர்வுக்கும் குருதிக்கட்டிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அத்தொடர்பை உலகம் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டது போர்க்காலத்துப் பதுங்கு இடங்களிலேயாகும். 1940ஆம் ஆண்டு ஜேர்மனிய விமானங்கள் இலண்டன் நகரின் மீது இரவிரவாகக் குண்டு பொழிந்தன. மக்கள் பதுங்கு இடங்களில் இரவைக் கழித்தனர். படுக்க இடம் போதாமையால் பலர் சாய்மனைக் கதிரைகளில் இருந்தபடியே உறங்கினர். கதிரையின் முன்சட்டம் தொடையின் கீழ்ப்புறத்தை அழுத்திக்கொண்டேயிருந்தது. விடிந்ததும் எழுந்து நடந்தவர்களில் சிலர் திடீரெனச் சரிந்து விழுந்து இறந்தனர். அவர்கள் மீது குண்டு படவில்லை. உடலில் காயமும் இல்லை.

இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்த கீத் சிம்சன் என்னும் மருத்துவர் காரணத்தைக் கண்டறிந்து அவ்வாண்டே எழுதி வெளியிட்டார். அசையாதிருந்த காலில் உறைந்த குருதிக்கட்டி கழன்று, நாளத்தின் வழியே மேலேறி, சுவாசப்பைக்குச் செல்லும் குருதிக்குழாயை அடைத்திருந்தது. முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுகையில் இத்தகைய சாவுகள் ஆறு மடங்காகியிருந்தன. பதுங்கு இடங்களில் கதிரைகளுக்குப் பதிலாக அடுக்குப் படுக்கைகள் அமைக்கப்பட்டதற்கு இக்கண்டுபிடிப்பும் ஒரு காரணம்.

இது பழங்கதை அல்ல. ஜப்பானில் 2004 ஒக்டோபரில் நீகாட்டா பகுதியிலும், 2016 ஏப்ரலில் குமமொட்டோ பகுதியிலும் பெரும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. வீட்டுக்குள் போக அஞ்சிய மக்கள் தமது கார்களுக்குள்ளேயே பல இரவுகள் உறங்கினர். மலசலகூடங்கள் தொலைவிலும் அசுத்தமாகவும் இருந்தமையால் பலர், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டனர். நிலநடுக்கத்திலிருந்து உயிர் தப்பியவர்களுள் சிலர் சில நாட்களின் பின் இந்தக் குருதிக்கட்டியால் மாண்டனர். மருத்துவர்கள் கையில் எடுத்துச் செல்லும் ஸ்கான் கருவிகளோடு தங்குமிடங்களுக்கே சென்று மக்களின் கால்களைப் பரிசோதித்தனர். இறுக்கமான காலுறைகளை வழங்கினர். நடவுங்கள், நீர் அருந்துங்கள் என்று வற்புறுத்தினர்.

இலண்டன் மக்கள் செல்வம் மிக்க நாட்டினர். ஜப்பானியர் மருத்துவ வசதி நிறைந்தவர்கள். ஆயினும் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்க நேர்ந்தபோது அவர்களது கால்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பதுங்கு குழியும், பாடசாலைக் கட்டடத்தில் நெருங்கிப் படுத்த இரவுகளும், தண்ணீருக்குப் பட்ட பாடும் எமது மக்களுக்குப் புதியவை அல்ல. எனவே அப்பாடம் எம்மையும் சேர்ந்ததே.

குருதி மேலேறும் வழி

இதயம் குருதியைக் கீழே அனுப்புவது எளிது. காலின் அடியிலிருந்து அதை மேலே கொண்டுவருவதுதான் கடினம். நீரிறைக்கும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ‘புட்வால்வு’ ஒன்று பூட்டுவோம். அது நீரை மேலே விடும். கீழே இறங்க விடாது. எமது கால் நாளங்களின் உள்ளேயும் அவ்வாறான சிறிய வால்வுகள் இடைக்கிடை அமைந்துள்ளன. அவை எதற்காக இருக்கின்றன என்பதை 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி விளக்கிக் காட்டினார். குருதி ஒரே திசையில், இதயத்தை நோக்கியே செல்லும்படி அவை காவல் செய்கின்றன.

வால்வு இருந்தால் மட்டும் போதாது, இறைக்கும் இயந்திரமும் வேண்டுமல்லவா? அந்த இயந்திரம் எமது கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அத்தசை இறுகி, நடுவே ஓடும் நாளத்தை நசுக்கிக் குருதியை மேலே தள்ளுகிறது. நடக்கும் மனிதருக்கு இந்த இயந்திரம் தானாகவே ஓடும். அசையாமல் இருப்பவருக்கும், அசையாமல் நிற்பவருக்கும் அது நின்றுவிடும். குருதி காலில் தேங்கும். தேங்கிய குருதியின் பாரத்தால் நாளம் விரியும். நாளம் விரிய வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒழுகத் தொடங்கும். புட்வால்வு பழுதானால் குழாயில் நீர் நில்லாது இறங்கிவிடுவது போலவே இதுவும்.

உறைவது நன்மை, உறையக்கூடாத இடத்தில் உறைவது தீமை

குருதி உறைவது கடவுள் தந்த காவல். மண்வெட்டி பட்ட காயம் சில நிமிடத்தில் அடைபடுவது அதனாலேதான். கண்ணாடிவிரியன் தீண்டியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றால், அவரது குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று அறிவார்கள். உறையாத குருதி எவ்வளவு ஆபத்தோ, ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நாளத்துக்குள் உறையும் குருதியும் அவ்வளவு ஆபத்து.

சுவாசப்பையை அடைக்கும் கட்டி அங்கே உருவாவதில்லை, வேறிடத்திலிருந்து குருதியோடு வந்து சேர்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவியவர் ஜேர்மனிய மருத்துவர் ருடொல்ப் விர்ச்சோ. குருதி ஓட்டம் மந்தமாதல், நாளத்தின் சுவரில் காயம், குருதியே எளிதில் உறையும் தன்மை அடைதல் ஆகிய மூன்று காரணங்களை இன்றும் அவர் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். இதே விர்ச்சோ 1848இல் சைலீசியா மாகாணத்தில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய்ந்து, மக்களின் வறுமையும் கல்வியின்மையுமே அதன் வேர் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். நோய்க்கு உடலில் மட்டுமன்றி வாழும் நிலையிலும் காரணம் தேடவேண்டும் என்பது அவர் கொள்கை.

அம்மூன்று காரணங்களும் யாரிடத்தில் ஒன்று சேர்கின்றன?

1. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், கால் எலும்பு முறிந்து மாக்கட்டுப் போட்டவர்கள், நோயினால் பல நாட்கள் படுக்கையில் கிடப்பவர்கள்.

2. கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்று ஆறு வாரம் கடக்காத தாய்மாரும்.

3. புற்றுநோய் உள்ளவர்கள், முன்பு ஒரு தடவை குருதிக்கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள்.

4. முதியவர்கள், உடல் பருத்தவர்கள், புகைப்பவர்கள், சில வகைக் கருத்தடைக் குளிசைகளைப் பாவிப்பவர்கள்.

5. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்பவர்கள். அத்தகைய பயணத்தின்பின் இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. விமானமோ, பஸ்ஸோ, காரோ எல்லாம் ஒன்றே. இயல்பான உடல்நலம் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியது. ஆனால் மேற்சொன்ன நால்வகையினருள் ஒருவர் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது கவனமாயிருக்க வேண்டும்.

தாய்மாரைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளைப்பேற்றின்பின் தாய்க்கு ஓய்வு கொடுப்பது எமது முன்னோரின் நல்ல வழக்கம். ஆனால் சில வீடுகளில் அவளைப் படுக்கையை விட்டு எழும்ப விடுவதில்லை. பத்தியம் என்று தண்ணீரையும் அளந்து கொடுக்கிறார்கள். பேற்றின்பின் பெண்ணின் குருதி இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும். அதனோடு அசைவின்மையும் நீர்க்குறைவும் சேர்ந்தால் ஆபத்தை நாமே அழைத்தவர்களாவோம். சரக்கு அரைத்துக் கொடுங்கள், கோழிக்கறி சமைத்துக் கொடுங்கள். ஆனால் அவள் எழுந்து நடக்கட்டும், தாகம் தீரத் தண்ணீர் குடிக்கட்டும்.

அடையாளம் காண்பது எப்படி?

காலின் ஆழ்நாளத்தில் குருதி உறைந்தால் பெரும்பாலும் ஒரு கால் மட்டுமே வீங்கும். கெண்டைக்காலிலோ தொடையிலோ நோ இருக்கும். அவ்விடம் மற்றக் காலைவிடச் சூடாகவும், சிவந்தோ கருமை பாய்ந்தோ காணப்படலாம். சிலருக்கு இலேசான வீக்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு நூலை எடுத்து இரு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 3 சென்ரிமீற்றருக்கு மேல் பருத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். அளவு குறைவு என்பதற்காக மற்ற அறிகுறிகளை அலட்சியம் செய்யவும் கூடாது.

கால் வீக்கம் எல்லாம் குருதிக்கட்டி அல்ல. இரு கால்களும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். காய்ச்சலும் நடுக்கமுமாய்த் தோல் சிவந்து எரிந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். முன்னர் கால் வீங்கினால் யானைக்கால் என்று முடிவு கட்டும் வழக்கம் இருந்தது. அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. எனவே வீங்கிய காலைக் கண்டதும் யானைக்கால் என்று சொல்லி ஒளித்து வைத்திருப்பதில் பொருளில்லை.

கட்டி சுவாசப்பைக்குச் சென்றுவிட்டால் திடீரென மூச்சு முட்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும். இருமலில் குருதி வரலாம். நெஞ்சு படபடத்து மயக்கம் வரலாம். இந்நிலையில் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். அது வரத் தாமதமாகுமெனில் கிடைக்கும் வாகனத்தில் ஏற்றுங்கள்.

நாம் அறிந்த ஓர் இளம் தாய், பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாம் நாள் இடக்கால் வீங்கி நோவில் துடித்தாள். உறவினர் வீட்டின் ஒரு அறையில் ஏழு பேரோடு அவள் தங்கியிருந்தாள். பேத்தியார் எண்ணெயைச் சுடவைத்துவிட்டார். அந்நேரம் பிள்ளையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர் காலைப் பார்த்ததும், “அம்மா, கை வைக்காதேங்கோ” என்று தடுத்து, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினார். தொடை வரை குருதி உறைந்திருந்ததை ஸ்கான் காட்டியது. இன்று அத்தாய் நலமாயிருக்கிறாள். உருவும்போது கட்டி கழன்று மேலே போகக்கூடும் என்பதைப் பேத்தியார் அன்றுதான் அறிந்தார். அன்பினால் செய்வதும் அறியாமல் செய்தால் ஆபத்தாகும்.

ஒரு கமக்காரர் கொண்டுவந்த மருந்து

வைத்தியசாலையில் ‘டொப்ளர்’ ஸ்கான் மூலம் நாளத்தைப் பார்ப்பார்கள். நோவில்லாத பரிசோதனை இது. கட்டி இருப்பது உறுதியானால் குருதி மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுக்கப்படும். கடுமையான நோயாளருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் உண்டு. பெரும்பாலானோருக்கு அது தேவைப்படாது. புதிதாக உறைவதை மருந்து தடுத்து நிறுத்த, இருக்கும் கட்டியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடும்.

உடனடியாகக் கொடுப்பது பெரும்பாலும் ‘ஹெப்பரின்’ வகை ஊசி. 1916இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்விலிருந்து பிறந்தது அது. தொடர்ந்து மாதக்கணக்கில் எடுக்கும் குளிசைகளுள் பழையது ‘வாபரின்’. அது கிடைத்த வரலாறு கமக்காரர்கள் அறியவேண்டியது.

1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் காரணமின்றிக் குருதி பெருகிச் செத்தன. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் வைக்கோலை உண்ட மாடுகளுக்கே இது நேர்ந்தது என்று மிருக வைத்தியர்கள் கண்டனர். பஞ்சகாலமாகையால் ஏழைக் கமக்காரர்களால் அந்த வைக்கோலை எறியவும் முடியவில்லை. 1933 பெப்ரவரியில் விஸ்கொன்சின் மாநிலத்தின் எட் கார்ல்சன் என்ற கமக்காரர் கொட்டும் பனியிடையே இறந்த மாட்டையும், பழுதான வைக்கோலையும், உறையாத குருதி நிறைந்த பால்வாளி ஒன்றையும் தமது வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடி மடிசன் நகர் சேர்ந்தார். அன்று திறந்திருந்த ஆய்வுகூடம் கார்ல் போல் லிங்க் என்ற விஞ்ஞானியுடையது. அவரது குழுவினர் ஆறாண்டுகள் உழைத்து 1939இல் அவ்வைக்கோலிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வாபரின் 1948இல் எலிப் பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கான மருந்தாயிற்று. மறு ஆண்டு மாரடைப்புக்குள்ளான அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. ஒரு கமக்காரர் தம் இழப்பை வீணாக்காது கேள்வியாகத் தூக்கிச் சென்றமையால் உலகுக்கு ஒரு மருந்து கிடைத்தது.

இப்போது ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய குளிசைகளும் உண்டு. அவற்றுக்கு அடிக்கடி குருதிப் பரிசோதனை தேவையில்லை. எந்த மருந்தாயினும் குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டும். சிலருக்கு அதைவிட நீண்ட காலம், சிலருக்கு ஆயுள் முழுவதும். வீக்கம் வற்றியது, நோ நின்றது என்று இடையில் நிறுத்துவது பெருந்தவறு. மருந்து தொடங்கியபின் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டியதில்லை. வைத்தியர் அனுமதித்ததும் எழுந்து நடப்பதே நல்லது.

வாபரின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக எடுக்காதீர்கள்.

2. ‘ஐ.என்.ஆர்.’ என்னும் குருதிப் பரிசோதனைக்குக் குறித்த திகதியில் செல்லுங்கள். காற்கட்டிக்கு அது பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் குருதி உறையும்; கூடினால் குருதி பெருகும்.

3. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, கீரை முதலியவற்றிலுள்ள விற்றமின் கே இம்மருந்தின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விலக்க வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்பது கூடாது.

4. நோவுக்கென்று கடையில் அஸ்பிரின், டைக்குளோபினாக், இபுபுறோபன் வாங்கி விழுங்காதீர்கள். பரியாரியாரிடம் மருந்து எடுப்பதாயின் வாபரின் எடுப்பதை அவரிடமும், அவர் மருந்தை வைத்தியரிடமும் மறைக்காதீர்கள். சாராயமும் கள்ளும் ஆகாது.

5. முரசில் குருதி கசிதல், சிறுநீர் சிவத்தல், மலம் கருந்தார் போலாதல், தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே வைத்தியசாலை செல்லுங்கள்.

6. கர்ப்பம் என்று ஐயம் தோன்றினால் உடனே தெரிவியுங்கள். வயிற்றிலுள்ள குழந்தைக்கு வாபரின் தீங்கு செய்யக்கூடும். அக்காலத்தில் ஊசி மருந்துக்கு மாற்றுவார்கள்.

இன்னொன்று, இடம்பெயர்ந்தோர்க்கே உரியது. ஓடவேண்டி வந்தபோதெல்லாம் காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஆகியவற்றை ஒரு பையில் கட்டி நெஞ்சோடு அணைத்துச் சென்றோம். அந்தப் பையில் கிளினிக் கொப்பிக்கும் ஓரிடம் கொடுங்கள். இரு வாரத்துக்குரிய குளிசையையும் அதிலே வையுங்கள். புதிய இடத்தில் முதற் கிழமையே அண்மையிலுள்ள வைத்தியசாலையில் அக்கொப்பியைக் காட்டுங்கள்.

புடைத்த நாளமும் ஆறாத புண்ணும்

தோலின் கீழே பாம்பு நெளிவது போல் புடைத்து நிற்கும் நாளங்கள் உடனடி ஆபத்தானவை அல்ல. பரம்பரை, பல பிள்ளைப்பேறுகள், நெடுநேரம் நின்று வேலை செய்தல் ஆகியவற்றால் அவை வரும். காலை உயர்த்தி வைப்பதும், நடப்பதும், இறுக்கமான மீள்தன்மைக் காலுறை அணிவதும் பாரத்தைக் குறைக்கும். கூடிய தொல்லை தந்தால், பழுதான நாளத்தை ஊசிமருந்தால் சுருக்கவோ, லேசர் அல்லது வெப்பத்தால் அடைக்கவோ, சத்திரசிகிச்சையால் அகற்றவோ முடியும். குருதி வேறு நாளங்களால் ஏறிச் செல்லும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

புடைத்த நாளத்தில் முள்ளோ கம்பியோ கீறிவிட்டால் குருதி பீறிட்டுப் பாயும். நிற்கவும் வேண்டாம், கயிற்றால் கட்டவும் வேண்டாம். ஆளைப் படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். பின்னர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஆண்டுக்கணக்காகக் குருதி தேங்கினால் கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து, தடித்து, சொறியும். பின் ஒரு சிறு காயம் புண்ணாகி ஆறாமலே நிற்கும். ஒன்பது வருடம் அவ்வாறு புண்ணோடு வாழ்ந்த ஒரு கமக்காரரை நாம் அறிவோம். களிம்பு, மூலிகை, மருந்துத்தூள் என்று கையிலிருந்த காசெல்லாம் கரைந்தது. மணம் வீசுமென்று கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை நிறுத்தியிருந்தார். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று வீட்டார் நம்பினர். கிளினிக்கில் அவருக்குக் கொடுத்த முதன்மையான வைத்தியம் ஒரு நீண்ட துணிக்கட்டு. புண்ணைக் கழுவி, மேலே பல அடுக்காக இறுக்கமான பண்டேஜ் சுற்றினார்கள். கிழமைதோறும் மாற்றினார்கள். ஐந்து மாதத்தில் புண் மூடியது.

காரணம் எளியது. இப்புண் வெளியிலிருந்து வந்ததல்ல. உள்ளே தேங்கிய குருதியின் அமுக்கத்தால் வந்தது. தேக்கம் நீங்காமல் மேலே எதைப் பூசினாலும் ஆறாது. கட்டு வெளியிலிருந்து அழுத்தி, பழுதான வால்வின் வேலையைச் செய்கிறது. புண் ஆறியபின்னும் காலுறை அணியாவிட்டால் மீண்டும் வரும். பழுதான நாளத்தைக் காலந்தாழ்த்தாது அடைத்துவிட்டால் புண் விரைவாக ஆறுகிறது என்று பிரித்தானியாவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே புண் உள்ளவர்கள் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள், நெடுங்காலம் புகைத்தவர்கள், பாதம் குளிர்ந்திருப்பவர்கள் தாமாகவே இறுக்கிக் கட்டக்கூடாது. அவர்களுக்குக் காலுக்கு வரும் நாடியே சுருங்கியிருக்கலாம். அதன்மேல் இறுக்கினால் கால் அழுகிவிடும். தாதியரிடம் பரிசோதித்து, கட்டும் முறையைப் பழகிய பின்னரே வீட்டில் கட்ட வேண்டும். விரல்கள் நீலித்தால், மரத்தால் உடனே அவிழுங்கள்.

நாம் இன்றே செய்யக்கூடியவை

தற்காலிகக் கொட்டிலிலோ, உறவினர் வீட்டிலோ, வெள்ளத்துக்கு ஒதுங்கிய பாடசாலையிலோ, எங்கிருந்தாலும் பணமின்றிச் செய்யக்கூடியவை இவை:

1. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பில் இராதீர்கள். எழுந்து நூறடி நடவுங்கள். நடக்க முடியாதவர் பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை அசைத்தால் கெண்டைக்கால் இயந்திரம் ஓடும்.

2. வரிசையில் நிற்கும்போது குதியை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள்.

3. தாகத்தை அடக்காதீர்கள். பெண்கள் மலசலகூடத்துக்கு அஞ்சித் தண்ணீரைத் தவிர்க்கும் நிலை இருந்தால் அது அவர்களின் குறையன்று, எல்லோரின் குறை. ஒளியும் பூட்டும் உள்ள மலசலகூடம் அருகில் அமைவதற்கு நலன்புரிக் குழுக்கள் முன்னிற்க வேண்டும்.

4. இரவில் கால்மாட்டில் பாயின் கீழே துணிமூட்டை வைத்துப் பாதத்தைச் சற்று உயர்த்துங்கள். கதிரையிலேயே இரவைக் கழிக்க வேண்டாம்.

5. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பாத்தி நிலமாவது கேட்டுப் பெறுங்கள். மிளகாயும் கத்தரியும் தருவதோடு அது கால்களுக்கும் வேலை தரும்.

6. படுக்கையில் இருக்கும் முதியவரின் கால்களை நாளொன்றுக்கு நான்கு தடவை மடக்கி நீட்டி விடுங்கள். பள்ளிப் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். ஆனால் வீங்கி நொந்த காலில் இதைச் செய்யாதீர்கள். முதலில் வைத்தியர் பார்க்கட்டும்.

அரச வைத்தியசாலைகளில் வைத்தியருக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் பஸ்காசும், ஒரு நாட்கூலி இழப்பும், மொழி புரியாத அச்சமும் எம்மவரைத் தடுப்பதை நாம் அறிவோம். அதனாலேயே சொல்கிறோம்: இது தனி ஒருவரின் பிரச்சினையாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு மாதர் சங்கமும், கமக்காரர் சங்கமும் கிளினிக்குப் போகும் நோயாளருக்கு ஒரு துணையாளை ஒழுங்கு செய்யலாம். கூட்டத்தின் முடிவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, “யாருக்காவது ஒரு கால் வீங்கியிருக்கிறதா? யாருடைய புண் ஆறாமலிருக்கிறது?” என்று கேட்கலாம். கேட்டால் சொல்வார்கள். கேட்காதபடியால்தான் சேலைக்கும் சாரத்துக்கும் கீழே மறைத்து வைத்திருக்கிறார்கள்.

காணிக்குத் திரும்பும் நாளை எதிர்பார்த்துப் பலர் இருக்கிறார்கள். அந்த நாள் வரும்போது பற்றை வெட்டவும், கிணறு இறைக்கவும், வரம்பு கட்டவும் கால்கள் வேண்டும். அதுவரை அவற்றை ஓயவிடாமல் வைத்திருப்போம்.